முப்பது பனி தாங்கிய ஜீப்

“எஞ்சின் பிளாக்குல வெடிப்பு மாமா. ராத்திரிப் பனியில உள்ள கெடந்த தண்ணி உறைஞ்சு, இரும்பையே பொளந்துருச்சு” என்றான் மெக்கானிக் ஞானவேல்.

இராமலிங்கம் நம்பவில்லை. மெக்கானிக்கையும் வைத்தியரையும் அவர் என்றைக்குமே நம்பியதில்லை.

“ஏலே, முப்பது வருசமா இந்த மன்னவனூர்ப் பனியில நிக்கிற ஜீப்பு. அப்பல்லாம் பொளக்காத பனி, நீ தொட்டதும் பொளந்துச்சாக்கும்?”

“நான் இன்னும் தொடவே இல்ல மாமா.”

“தொடாதே. நானே பாத்துக்கிறேன்.”

வெள்ளிக்கிழமைக்குள் ஜீப் ஓடியாக வேண்டும். மகளின் பிரசவத்துக்காக வத்தலக்குண்டு போன சிவபாக்கியம் அன்றைக்குத்தான் திரும்புகிறாள். பஸ்ஸில் ஏறினால் வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பாள். ஜீப் வந்தால்தான் மலையேறுவாள். போய் அறுபத்தெட்டு நாள் ஆகிறது. அவள் உட்காரும் முன்சீட்டில் இராமலிங்கம் இன்னும் ஒரு பூண்டு மூட்டையைக்கூட வைக்கவில்லை.

சாயங்காலம் அவளுக்குப் போன் போட்டார்.

“உப்பு எங்க இருக்கு?”

“நேத்துத்தானங்க சொன்னேன்?”

“நேத்துச் சொன்ன எடத்துல காணோம்.” உப்பு ஜாடி அவர் மடியில்தான் இருந்தது.

“வண்டி நல்லா இருக்குல்ல? இல்லன்னா இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போகச் சொல்றா மக.”

“வண்டிக்கென்ன? வாசல்ல சிங்கமாட்டம் நிக்குது.”

நின்றது என்னவோ உண்மை.

மறுநாள் வெள்ளனே எழுந்து, கடையில் வாங்கிய பசையைப் பிசைந்து வெடிப்பின் மேல் அப்பினார். ஒரு நாள் காயவேண்டும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். கடைக்காரன் ஆயிரம் சொல்லுவான். பத்தே நிமிடத்தில் தண்ணீரை நிரப்பி வண்டியைக் கிளப்பினார். பசை பெயர்ந்து விழுந்தது. தண்ணீர் பீச்சியடித்து, வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டு வீரம்மாளின் ஆட்டைக் குளிப்பாட்டியது.

“பனியில ஆட்டைக் குளிப்பாட்டுறீகளேண்ணே, இது அடுக்குமா?” என்று அவள் கத்தினாள்.

அடுத்து பூம்பாறையிலிருந்து வெல்டர் ஆனந்தைக் கூட்டி வந்தார். அவன் அடுப்புக்கரிச் சூட்டில் பிளாக்கைச் சூடேற்றி, விரல் நீள வெடிப்பைப் பொறுமையாக ஒட்டினான்.

“இது வார்ப்பிரும்புங்கய்யா. தானா மெல்ல ஆறணும். நாளைக் காலை வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது.”

நாளை என்றால் நாளைக்கும் கூலி கேட்பான் என்று தோன்றியது இராமலிங்கத்துக்கு. ஆனந்த் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, ஒரு குடம் பச்சைத் தண்ணீரைச் சூடான பிளாக்கின் தலையில் கவிழ்த்தார்.

டொக் என்று ஒரு சத்தம். விரல் நீள வெடிப்பு ஒரு சாண் ஆனது.

ஓடி வந்த ஆனந்த் தலையில் கை வைத்தான். “யாருங்கய்யா தண்ணி ஊத்துனது?”

“பனி” என்றார் இராமலிங்கம்.

கடைசியில் ஞானவேலிடமே போய் நின்றார். அவன் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. எஞ்சினைக் கழற்றி, திண்டுக்கல் பட்டறைக்குக் கொண்டுபோக வெள்ளிக்கிழமை காலை ஒரு வேனில் ஏற்றினான். பத்து நாள் ஆகுமாம்.

“வழியில வேற எஞ்சின மாத்திருவீங்கடா” என்று இராமலிங்கமும் பின்னால் ஏறி, அதைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்தார்.

அப்போது போன் அடித்தது.

“கெளம்பிட்டீங்களா?”

“எஞ்சின் கெளம்பிருச்சு.”

“அப்ப வண்டி?”

“அது இங்கனயேதான் கெடக்கு.”

 மறுமுனையில் குழந்தை அழுவது கேட்டது.

“சரிங்க. நான் இன்னும் ஒரு மாசம் இருந்தே வாரேன்.”

“இந்தா, அந்த உப்பு...” என்று ஆரம்பித்தார். போன் கட்டாகிவிட்டது.

வீரம்மாள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வேன் பக்கத்தில் வந்து நின்றாள். “என்னண்ணே, மொகமே செத்துப் போச்சு?”

“முப்பது வருசமா ஒண்ணும் ஆகாத வண்டி ஆத்தா. இந்த வருசம் மட்டும் பனிக்கு என்ன கேடு வந்துச்சோ!”

“பனி எப்பவும் போலத்தாண்ணே. தெனமும் நீங்க படுத்தப்புறம் எஞ்சின் தண்ணியத் தொறந்துவிட்டு, நீங்க எந்திரிக்குமுன்ன வெந்நி ஊத்தி வைக்கிற மதினிதான் இந்த வருசம் இல்ல.”