முன்பு வந்த நன்றி

“கம்ப்யூட்டர் நீ சொன்னத மட்டும் செய்யுமா, நெனச்சதையும் செய்யுமாம்மா?” என்று மகள் ஒருநாள் கேட்டாள். அன்று சிரித்த அம்மாவுக்கு இன்று அழுகை முட்டியது.

குடிநீர் அலுவலகத்தின் புரோகிராமர் அவள். வாடிக்கையாளர்களுக்குப் போகும் குறுஞ்செய்திகள் அவள் பொறுப்பு. விளக்கமும் நிரலும் ஒரே கோப்பில் இருக்கும். செய்தியின் ஒரு பகுதிக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதினால் போதும். முழுப் பகுதியும் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மரியாதைக்காக, அடைப்புக்குறிக்குள் இருந்த பெயருக்கு முன்னால் ‘மன்னிக்கவும்’ என்று ஒரு சொல் சேர்த்தாள். அது அந்தப் பகுதியின் வரிக்கு வரி ஒட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டது.

‘மன்னிக்கவும், நாளை தண்ணீர் வராது. மன்னிக்கவும், தொட்டியை நிரப்பி வையுங்கள். மன்னிக்கவும், நன்றி.’

“என்னம்மா, ஊர் கால்லயே விழுந்துட்ட போல?” என்றார் மேலாளர். “உடனே திருத்தி அனுப்பு. இன்னொரு தப்பு வந்தா வேற வேலை தேடிக்க.”

பதறிப்போய், ‘முன்பு வந்த அறிவிப்பு தவறு’ என்று எழுதினாள். கைப்பழக்கத்தில் ‘அறிவிப்பு’க்கும் அடைப்புக்குறி போட்டுவிட்டாள். அந்தப் பகுதியின் பெயரே அதுதான்.

‘முன்பு வந்த நாளை தண்ணீர் வராது. முன்பு வந்த தொட்டியை நிரப்பி வையுங்கள். முன்பு வந்த நன்றி தவறு.’

தொலைபேசி அலறத் தொடங்கியது. வரவேற்பு மேசையில் இருந்த அக்கா மூச்சுவிட நேரமில்லாமல் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

மேலாளர் பாய்ந்து வந்தார். “சொன்ன நன்றியையும் திருப்பி வாங்கிட்டியா?” என்றவர் அக்கா பக்கம் திரும்பினார். “ஏம்மா, போன்ல ஜனங்க என்னதான் சொல்றாங்க?”

புரோகிராமர் கண்ணை மூடி ஆண்டவனை வேண்டிக்கொண்டாள்.

“சிரிக்கிறாங்க சார்,” என்றாள் அக்கா. “நாளைக்குத் தண்ணி வராதுன்னு நல்லாவே புரிஞ்சுதாம். இவ்ளோ பணிவா எழுதின பொண்ணு யாரு, பாவம், திட்டாதீங்கன்னு சொல்றாங்க.”

மேலாளர் முகம் தணிந்தது. “அப்படியா? சரி, போய் வேலையப் பாரும்மா.”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனிதர்கள் எவ்வளவு நல்லவர்கள்!

மதியம் அக்கா உணவறைக்குச் சாப்பிடப் போனாள். முன்னறையில் யாருமில்லை. மணி அடித்தது. ஊரார் பாராட்டைத் தன் காதாலேயே கேட்கும் ஆசையில் புரோகிராமர் ஓடிப்போய் எடுத்தாள்.

“காலையில போன் எடுத்த அந்தம்மாகிட்ட அவ்ளோ கத்தினேனே, இன்னுமா அந்த மெசேஜ் எழுதின முட்டாள வேலையில வெச்சிருக்கீங்க?”

அவள் உணவறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“நான்தாங்க எழுதினது,” என்றாள் மெதுவாக. “திட்டுங்க, கேட்டுக்கறேன்.”

கேட்டு முடித்ததும், சத்தம் உள்ளே போகாதபடி உணவறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, அடுத்த அழைப்பை எடுத்தாள்.