சென்றாயன் ரிஜெக்ட் செய்த மாத்திரை

உயிரே போனாலும் அந்த மாத்திரையை முழுங்குவதில்லை என்று சென்றாயன் முடிவு செய்துவிட்டார்.

முடிவு செய்த இடம் வீட்டு வாசல் கேட். முடிவு செய்ய வைத்தது பக்கத்து வீட்டு சுடலைமுத்துவின் செல்போன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு ஓசூர் வந்து, இங்கேயே தலை நரைத்தவன் சுடலைமுத்து. தெருவில் யார் வீட்டுக்கு எந்த மாத்திரை வந்தாலும் அதன் பெயரைப் போனில் தட்டிப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"அண்ணாச்சி, இது கால் வலி மாத்திரை இல்ல. மனசு ஒடிஞ்சு போனவங்களுக்குக் குடுக்க மாத்திரைல்லா!"

"இன்னாது?"

"மனச்சோர்வு அண்ணாச்சி, டிப்ரஷன். இந்தா போட்டிருக்கான் பாருங்க. ஏன், வீட்டுல எதும் பிரச்சினையா? மதினி எதும் சொல்லிட்டாவளா?"

சென்றாயனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எரிவது பாதம். மாத்திரை மனசுக்கா? பல்லு வலிக்கு செருப்பு வாங்கித் தருவதா?

விறுவிறுவென்று உள்ளே போனார். விறுவிறுவென்று என்று எழுதிவிட்டேனே தவிர, அந்தப் பாதத்தை வைத்துக்கொண்டு அவரால் நடக்க முடிந்தது அடுப்புத் தணலின் மேல் நடக்கும் நடைதான்.

"லட்சுமி! எனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிருக்குது?"

முனிலட்சுமி சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"இதுவரைக்கும் இல்லீங்க. ஏன், வர்ற மாதிரி இருக்குதா?"

"இது மனசு சரியில்லாதவங்க மாத்திரையாமே! சுடலைமுத்து சொல்றான்."

"டாக்டரம்மாவும்தான் சொன்னாங்க. நீங்க எங்க கேட்டீங்க? அங்க இருந்த எடை மிஷின்ல செக் பண்ணின ஸ்டிக்கர் ஒட்டியிருக்குதான்னு குனிஞ்சு தேடிக்கினு இருந்தீங்க."

அது உண்மை. சென்றாயன் ஓய்வு பெறும் வரைக்கும் ஒரு கியர் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவர். அவர் கேஜ் வைத்து அளவு பார்த்து "ஓகே" சொன்னால்தான் கியர் வண்டி ஏறும். கொஞ்சம் பிசகினாலும் ரிஜெக்ட். சிவப்பு டப்பாவில் விழும். கம்பெனி விட்டு வந்தும் வேலை விடவில்லை. ஓரம் கருகின தோசை ரிஜெக்ட். கோணலாக மடித்த வேட்டி ரிஜெக்ட். மகள் மணிமேகலைக்கு வந்த மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் பஜ்ஜி சாப்பிட்டு முடிப்பதற்குள்ளேயே ரிஜெக்ட்.

முனிலட்சுமி பொறுமையாகச் சொன்னாள். சர்க்கரை வியாதியால் கால் நரம்பு கெட்டிருக்கிறது. ஒன்றுமில்லாததற்கே அது "எரியுது எரியுது" என்று மேலே சேதி அனுப்பிக்கொண்டிருக்கிறது. இந்த மாத்திரை மனச்சோர்வுக்காக வந்ததுதான். ஆனால் கொஞ்சமாகக் கொடுத்தால் அந்தப் பொய்ச் சேதியை அடக்கும். எல்லாருக்கும் கேட்காது. சிலருக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்குப் பாதி, சிலருக்கு ஒன்றுமே இல்லை. பலன் தெரிய சில வாரம் ஆகும்.

"கெட்டது?"

"வாய் உலருமாம். தூக்கமா வருமாம். வயிறு கட்டிக்குமாம். சட்டுனு எழுந்தா தலை சுத்துமாம். ஒடம்பு கொஞ்சம் போடுமாம். அதான் நெஞ்சுல ஒயரெல்லாம் ஒட்டி இதயம் நல்லா இருக்குதான்னு பாத்துட்டுத்தான் எழுதினாங்க. சாப்பிட ஆரம்பிச்சா நம்மளா திடீர்னு நிறுத்தக்கூடாதுன்னும் சொன்னாங்க."

"நல்லது ஒண்ணு, அதுவும் வந்தா வரும். கெட்டது அஞ்சு. எந்தக் கம்பெனி இதை வாங்கும்?"

"நீங்க முழுங்குங்க. மிச்சத்தை சாமி பாத்துக்கும்."

மனைவியிடம் நேரடியாக மறுத்துப் பேசி ஜெயித்த அனுபவம் சென்றாயனுக்குக் கிடையாது. அதனால் திட்டம் போட்டார். திட்டம் இதுதான்: மாத்திரையை முழுங்குவது போல் உள்ளங்கையில் பதுக்கிக்கொள்வது. முழுங்காமலே, அந்தக் கெடுதல்கள் எல்லாம் வந்துவிட்டது போல் நடிப்பது. முனிலட்சுமி பயந்துபோய் அவளாகவே "வேண்டாங்க, நிறுத்திடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

பதுக்கிய மாத்திரையைச் சாக்கடையில் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவரால் முடியவில்லை. ரிஜெக்ட் ஆன சாமானைக் கண்ட இடத்தில் எறிவது கம்பெனியில் பெரிய குற்றம். பின்கட்டில் அவரே சிவப்பு பெயின்ட் அடித்து வைத்த டப்பா ஒன்று இருந்தது. தீர்ந்த பேட்டரி, அவிந்த பல்பு, மழுங்கின பிளேடு எல்லாம் அதில்தான் போகும். கை தானாக மூடியைத் திறந்தது. மாத்திரை தானாக உள்ளே விழுந்தது. தினமும் விழுந்தது.

நடிப்பு தூக்கத்தில் ஆரம்பித்தது. காலை இட்லித் தட்டின் மேலேயே தலையைத் தொங்கப் போட்டார்.

"கண்ணைத் தொறக்க முடியல லட்சுமி. எல்லாம் அந்த மாத்திரை."

முனிலட்சுமி பதறினாள். "அய்யோ, தூக்கம் வருதா? அப்ப வண்டி ஓட்டவே கூடாதுங்க!" ஆணியில் தொங்கிய பைக் சாவி இடுப்புச் சுருக்குப் பைக்குள் போனது.

சென்றாயனுக்குத் தூக்கம் உண்மையிலேயே போய்விட்டது. தினமும் காலையில் கம்பெனி கேட் எதிர் டீக்கடைக்கு வண்டியில் போய்ப் பழைய ஆட்களோடு உட்கார்ந்து, உள்ளே நுழையும் புதுப் பையன்களைக் குறை சொல்வதுதான் அவருடைய ஓய்வுக்கால உத்தியோகம்.

சரி, தூக்கம் வேண்டாம் என்று வாய்க்குத் தாவினார்.

"நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது."

"அதுக்குக் காபி ஆகாதுங்க. இன்னும் வறட்டும். இந்தாங்க, சீரகத் தண்ணி."

வயிறு கட்டிக்கொண்டது என்றார். மட்டன் நின்றது. வாழைத்தண்டு பொரியல் வந்தது. மறுநாள் முருங்கைக்கீரை. அதற்கு மறுநாள் வாழைத்தண்டும் முருங்கைக்கீரையும். உடம்பு போட்டுவிட்டது என்றார். களி உருண்டை எலுமிச்சம்பழ அளவுக்கு இளைத்தது. ஒவ்வொரு பொய்க்கும் ஒரு சுகம் போனது. ஆனால் "நிறுத்திடுங்க" என்ற வார்த்தை மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

கடைசி அஸ்திரமாகத் தலை சுற்றலை எடுத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு அரை வட்டம் அடித்தார்.

"உக்காருங்க, உக்காருங்க! எழுந்திருக்கவே கூடாது!" பிளாஸ்டிக் சேரில் அழுத்தி உட்கார வைத்தாள். மடியில் ஒரு முறம் வந்தது. முறம் நிறைய ஊற வைத்த அவரைக் கொட்டை. "சும்மா உக்காந்தா இன்னும் சுத்துங்க. பிதுக்குங்க."

மார்கழி மாதம். எங்கள் பக்கத்தில் அவரைக்காய் குவியும் காலம். கொட்டையை ஊற வைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துக் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். பிதுக்குகிறவர் விரல் மட்டும் வீங்கும். சந்தையில் கன்னடத்தில் பேரம் பேசி ஒரு மூட்டையே வாங்கி வைத்திருந்தாள் முனிலட்சுமி. அவளும் எதிரே காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"ஞாபகம் இருக்குதா?" என்றாள். "நாம சாமல்பட்டியில இருந்து ரயிலேறி வந்து, லைன் வீட்ல குடி வெச்ச மொத மார்கழி. பக்கத்து வீட்டுக் கதவு தெரியாத பனி."

"ஒரே போர்வை" என்றார் சென்றாயன். "நீ இழுத்துக்குவ."

"யாரு, நானா? ரெண்டாவது ஷிப்ட் முடிச்சு, கையெல்லாம் எண்ணெய் நாத்தத்தோட வந்து உக்காந்து இதே மாதிரி பிதுக்குவீங்க. ஒண்ணு பிதுக்கினா ரெண்டு வாயில போடுவீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. நடிப்பதை மறந்து போனார்.

"ஞாயித்துக்கெழமை ஆனா மலைக்கோயில். சந்திரசூடேஸ்வரர் கூப்பிட்டு ஆள் அனுப்பின மாதிரி ஓடுவீங்க. மணிமேகலையைத் தோள்ல தூக்கிக்கினு, வெறுங்கால்ல, படி படியா தாவி. நான் பாதியில நின்னு மூச்சு வாங்குவன். நீங்க மேல நின்னுக்கினு, 'இன்னா முனிலட்சுமி, பேரிங் தேஞ்சுடுச்சா'ன்னு கத்துவீங்க. கோயில்ல இருக்கற சனம் பூரா திரும்பிப் பாக்கும். எனக்கு வெக்கமா இருக்கும்."

"மேலேருந்து பாத்தா அப்போ ஏரிதான் தெரியும். இவ்ளோ கட்டடம் இல்ல."

"ம்."

அவள் ஒரு கொட்டையைப் பிதுக்கினாள். அது எகிறி எங்கோ போனது. தேடவில்லை.

"ஒரே ஒரு தடவை, அந்தப் படியில உங்ககூட நடந்து ஏறணும்னு வேண்டியிருக்கறன். சாமிகிட்ட வேற ஒண்ணும் கேக்கல."

சென்றாயன் தன் பாதங்களைப் பார்த்தார். ஈரத்துணி சுற்றி, சிமெண்டுத் தரையில் வைத்திருந்தார். படுத்தால் போர்வை பட்டாலே எரிகிறது. மலைக்குப் போய் ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று அவர்தான் தள்ளிப் போட்டார். உள்ளதைச் சொல்லிவிடலாமா? வாய் திறந்தார். மானம் குறுக்கே வந்தது. மூடிக்கொண்டார்.

மறுபடி டாக்டரைப் பார்க்கும் நாள் வந்தது. டாக்டரம்மா சின்ன வயசு. மகள் வயசுதான் இருக்கும்.

"எப்படி இருக்கீங்க சார்?"

சென்றாயன் அத்தனையும் கொட்டினார். தூக்கம், நாக்கு, வயிறு, எடை, தலை. நடுவில் ஒரு தடவை சேரிலேயே ஆடிக் காட்டினார்.

டாக்டரம்மா முகம் மாறியது. "இவ்வளவு குறைஞ்ச அளவுக்கு இத்தனையுமா? அப்ப இது உங்களுக்கு ஒத்துக்கல. பேசாம மெதுவா குறைச்சு நிறுத்திடலாம்."

ஜெயித்தாயிற்று! சென்றாயன் மனசுக்குள் வண்டி ஸ்டார்ட் ஆகி, டீக்கடை வாசலில் போய் நின்றது.

முனிலட்சுமி பையிலிருந்து சிவப்பு டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"நிறுத்துங்கம்மா. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். முழுங்காத மாத்திரைக்கே மனுசனை இவ்ளோ ஆட்டுதே, முழுங்கியிருந்தா இன்னா ஆகியிருக்கும்?"

மூடி திறந்தது. பல்புக்கும் பேட்டரிக்கும் நடுவில் மாத்திரைகள் பத்திரமாக இருந்தன. டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தோள் மட்டும் குலுங்கியது.

"உனக்கு... எப்ப தெரியும்?"

"மொத நாளே. அவிஞ்ச பல்பைப் போடப் போனன்."

"அப்ப வண்டி? காபி?"

"தலை சுத்துற மனுசனுக்கு வண்டி எதுக்குங்க?"

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "சார், வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. என்கிட்டயே சொல்லியிருக்கலாம். ஆனா சாப்பிட்டா என்ன கெடுதல்னு மட்டும் பாத்தீங்க. சாப்பிடாம இருக்கறதுலயும் கெடுதல் இருக்கு. எரிச்சல்ல ராத்திரி தூக்கமில்ல, நடையில்ல, நடக்காததால சர்க்கரையும் ஏறியிருக்கு. ரெண்டு பக்கமும் வெச்சுப் பாருங்க."

முனிலட்சுமி அவர் பக்கம் திரும்பினாள். குரலில் கேலி இல்லை.

"ஏங்க, கேஜ் வெச்சு அளந்து பாக்காம ஒரு சாமானையாவது நீங்க சிவப்பு டப்பாவுல போட்டதுண்டா?"

அது நேராகப் போய்ப் பட்டது. மேனேஜரே சொன்னாலும் அளக்காமல் எதையும் ஒதுக்காதவர் சென்றாயன். வாழ்க்கையில் முதல் தடவையாக, சுடலைமுத்துவின் செல்போனை நம்பி, அளந்து பார்க்காமலே ஒன்றை ரிஜெக்ட் செய்திருக்கிறார். காது மடல் சிவந்தது.

"ட்ரையல் பாக்கலாம்" என்றார் கடைசியில், கம்பெனிக் குரலில். "சரி வரலன்னா?"

"என்கிட்ட வந்து சொல்லுங்க. கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்திடலாம். வேற வழியும் இருக்கு" என்றாள் டாக்டரம்மா. "ஆனா இந்தத் தடவை, வர்ற கெடுதலை மட்டும் சொல்லுங்க சார்."

முழுங்கினார். முதல் வாரம் காலையில் மந்தமாக இருந்தது. வாய் நிஜமாகவே கொஞ்சம் உலர்ந்தது. எரிச்சல் அப்படியேதான் இருந்தது. "பாத்தியா?" என்று அவர் ஆரம்பிப்பதும், "பொறுங்க" என்று அவள் முடிப்பதுமாகச் சில வாரம் ஓடியது. ஒரு நாள் காலையில்தான் கவனித்தார், போர்வை காலின் மேல் கிடந்தது. விடிய விடிய கிடந்திருக்கிறது. எரிச்சல் போய்விடவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி சுவருக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரெண்டு பேரும் மலைப்படி ஏறினார்கள். தாவவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று. காலில் மெத்தென்று செருப்பு இருந்தது. கால் நரம்பு கெட்ட ஆள் வெறுங்காலில் ஏறக்கூடாதென்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், அதனால் அதைக் கோயில் வாசலில்தான் கழற்றினார். தரிசனம் முடிந்து வெளியே உட்கார்ந்தபோது பனி விலகி ஊர் தெரிந்தது. கம்பெனி ஷெட்டுகள், பெங்களூர் ரோடு, நடுவில் எங்கோ அந்தப் பழைய லைன் வீடு இருந்த இடம். சென்றாயன் கை நீட்டிக் காட்டினார். முனிலட்சுமி தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது.

சென்றாயனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"இன்னா சொன்னாலும் லட்சுமி, யாரு பேச்சையும் கேட்டு நான் இதை சாப்பிடல. நல்லது கெட்டதை எடை போட்டு, நானா எடுத்த முடிவு இது."

முனிலட்சுமி அவர் நெற்றியில் விபூதியைப் பூசி, கண்ணில் விழாமல் ஊதிவிட்டாள்.

"ஆமாங்க, நீங்களா எடுத்த முடிவுதான். உங்களை எடுக்க வெக்கறதுக்குள்ளதான் எனக்கு ஒரு மூட்டை அவரைக்கா தீந்துபோச்சு."