தீவு மாமாவின் ஒற்றைத் தூண்

கடலூர் சிப்காட்டில் வேலை பார்த்தவர்களில், கிரீஸ் நாட்டு ஏஜினா தீவுக்கு வழி தெரியாதவர் ஒருவர்கூடக் கிடையாது. எல்லாம் தீவு மாமாவின் உபயம்.

எங்கள் ரசாயன ஆலையில் அவர் பாய்லர் ஆபரேட்டர். முன்பு கப்பலில் இருந்தவர். கேன்டீன் சாம்பாரில் முருங்கைக்காய் கிடைத்தால் தட்டில் நிமிர்த்தி வைப்பார். "இப்பிடித்தான் ஏஜினாவுல ஒத்தத் தூணு நிக்கும்!"

"யோவ் மாமா, நீ அங்க எறங்கவே இல்ல. எல்லாம் ரீலு" என்பார் ஸ்டோர்கீப்பர்.

"போ மச்சான், பொறாம ஜாஸ்தி ஒனக்கு."

2009இல் பயிற்சிக்காக என்னை ஏதென்ஸ் நகருக்கு அனுப்பினார்கள். தீவு அங்கிருந்து படகில் ஒரு மணி நேரம்தான். நான் போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்று கேன்டீனே கூடி முடிவெடுத்தது. பொய்யென்றால் மாமா இனிமேல் தீவைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. அவருக்கு அது பட்டினி போட்ட மாதிரி.

மாமா பட்டியல் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். "ஒண்ணு, தொறமொகத்துல வெள்ளக் கோயிலு. ரெண்டு, ஒத்தத் தூணு. அங்க வேற ஒண்ணும் கெடையாது, டிக்கெட் எடுத்து ஏமாந்துடாதம்மா. மூணு, மலை மேல கோயிலு."

மூன்றும் இருந்தன. ஆனால் படகை விட்டு இறங்கியதுமே பிஸ்தா கடைகள். மாமா வாயில் பிஸ்தா என்ற சொல் வந்ததே இல்லை. டிக்கெட் எடுத்து உள்ளே போனால், தூணைச் சுற்றி ஒரு பழைய ஊரே இடிந்து கிடந்தது, அருங்காட்சியகம் வேறு. திரும்பும் படகிலிருந்து பார்த்தேன். இடிந்த ஊர் மறைந்து, தூண் மட்டும் முருங்கைக்காயாக நின்றது.

வேலைக்குத் திரும்பியதும் கேன்டீனில் ஸ்டோர்கீப்பர் மறித்தார். "சொல்லும்மா, மாமா சொன்னது நெசமா?"

மாமா தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை.

"பட்டியல்ல இருந்த மூணும் அப்படியே இருந்துச்சு சார்."

கேன்டீன் கைதட்டியது. மாமா இரண்டாம் தடவை சோறு வாங்கினார்.

பிறகு பாய்லர் அறையில் அவரிடம் பிஸ்தா பொட்டலத்தை நீட்டினேன். "அந்த ஊரே இதுக்குத்தான் பேர் போனது, மாமா."

ஒன்றை உடைத்து மெதுவாக மென்றார். "பதினோரு நாள் நங்கூரம் போட்டு நின்னோம்மா. எறங்க பாஸ் குடுக்கல. பைனாகுலர்லயே பாத்துக்கினு இருந்தேன்." சட்டென்று நிமிர்ந்தார். "ஏம்மா, சிதம்பரத்துல பஸ்ல போறப்பவே கோபுரத்தப் பாத்து கும்புடுறோமே, வந்துட்டுப் போனதா சாமி ஒத்துக்கலியா?"

இப்போதும் சிதம்பரம் வழியாகப் போனால் பஸ்சிலேயே கைகூப்புகிறேன். "கோயிலுக்குப் போனியா?" என்று அம்மா கேட்டால், "போனேனே" என்கிறேன்.