படுக்கையறைக்கு இன்னொரு ஏசி

நான் எலெக்ட்ரீசியன் வேலை படித்தவன் அல்ல. ஒருவரும் என்னை அந்த வேலைக்கு எடுத்ததும் இல்லை. ஆனாலும் ஜெர்மனியில் ஏறத்தாழ இருபத்திரண்டு மணித்தியாலம் நான் எலெக்ட்ரீசியனாக இருந்திருக்கிறேன். அந்த நேரத்துக்குள் எட்டுக் குடும்பங்களின் மின்சாரத்தை நிறுத்தினேன், ஒரு பென்ஷன்காரரின் உறைபெட்டியில் இருந்த மீனையெல்லாம் இளக வைத்தேன், கடைசியில் நான் செய்த குற்றத்தை நானே துப்பறியப் போய்ப் பிடிபட்டேன். இதை ஒளிக்காமல் எழுதுவதற்குக் காரணம் நேர்மை அல்ல. எங்கள் வீட்டில் இதை எனக்கு முந்திச் சொல்ல இரண்டு பேர் இருக்கிறார்கள். (அவர்கள் சொன்னால் எட்டுக் குடும்பம் எண்பதாகிவிடும்.)

உண்மையில் நான் ஹனோவரில் பஸ் ஓட்டுபவன். என்னோடு வேலை செய்த ஒருவர் ஓய்வு பெற்றபோது தன் வோன்வாகனை விற்கப் போவதாகச் சொன்னார். வோன்வாகன் என்றால் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சின்ன வீடு. முன்னுக்கு இருக்கையும் அடுப்பும், பின்னுக்கு இழுவைக் கதவு போட்ட ஒரு படுக்கையறை. பார்த்தவுடன் ஆசை பிடித்துவிட்டது. மனைவி வதனியைக் கேட்காமலே வாங்கிவிட்டேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து தேவைக்கு வாங்கினதுதான் எல்லாம். ஆசைக்கென்று நான் வாங்கியது அது ஒன்றுதான்.

வதனி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். விடிய நாலு மணிக்கு எழும்பும் மனுசி. லீவு என்றால் அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நன்றாக நித்திரை கொள்வது. வோன்வாகன்களை வரிசையாக நிறுத்தி, மின்சாரமும் எடுத்துத் தங்குகிற ஏரிக்கரை முகாமுக்கு முதல்முறை போனபோது கடும் வெயில். கூரையில் ஏற்கனவே ஒரு ஏசி இருந்தது. ஆனால் அது முன்பக்கத்துக் கூரையில் இருந்தது. கதவைத் திறந்து வைத்தாலும் குளிர் படுக்கையறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு மணித்தியாலத்தில் வதனி வியர்த்து ஒழுக வெளியே வந்தாள்.

"முன்னுக்கு நுவரெலியா, பின்னுக்கு மன்னார்," என்றாள். "இஞ்சருங்கோ, இன்னும் ஒரேயொருக்கா வந்து பாக்கிறன். அந்த அறையில எனக்கு நித்திரை வராட்டி இதை வித்துப்போடவேணும். பிறகு கதை இல்லை."

வதனி கதை இல்லை என்றால் உண்மையில் கதை இல்லை. ஆகவே படுக்கையறைக்கு இன்னொரு ஏசி வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

கடைக்குப் போன பிறகுதான் அது எத்தனை வகை என்று தெரிந்தது. கூரையில் பூட்டுகிற ஏசிக்குக் கூரையில் இன்னொரு ஓட்டை வெட்டவேண்டும். (அந்த வெட்டு வேலையை நானே செய்யலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதைச் செய்யாமல் விட்டதுதான் இந்தக் கதையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.) கட்டிலுக்குக் கீழே வைக்கும் ஏசி ஒன்று இருந்தது. ஆனால் எங்கள் கட்டிலுக்குக் கீழே அரிசி மூட்டையும் மிளகாய்த்தூள் டப்பாக்களும் இடியப்பத் தட்டுகளும் குடியிருந்தன. அவற்றை எழுப்பும் துணிவு எனக்கில்லை. மிஞ்சியது நிலத்தில் வைத்து, சூட்டுக் காற்றைக் குழாய் வழியாக ஜன்னலால் வெளியே விடும் ஏசி. அதில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று.

விற்பனைக்கு நின்ற பெண் நல்ல பிள்ளை. "அறை எத்தனை சதுர மீற்றர்? தங்கும் இடத்தில் எத்தனை அம்பியர் மின்சாரம் தருகிறார்கள்?" என்று கேட்டாள். முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். இரண்டாவதைக் காதில் வாங்கவில்லை. அவள் சின்னதைக் காட்டி, இந்த அறைக்கு இது தாராளம், சத்தமும் குறைவு என்றாள். எங்கள் ஆட்கள் பத்துப் பேரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் முப்பது பேருக்குச் சமைக்கிறவர்கள். அளவாக வாங்குவது எங்களுக்கு ஒரு மானப் பிரச்சினை. பெரியதைத் தூக்கிக் காரில் ஏற்றினேன்.

"அப்பா, இவ்வளவு பெரிசுக்கு அங்க கரண்ட் காணுமோ?" என்று மகள் ஆரணி கேட்டாள். அவளுக்குப் பதினேழு வயது, பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிக்கிறாள்.

"காணும், காணும்," என்றேன், பௌதிகம் படிக்காத நான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நானும் ஆரணியும் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வதனி அடுத்த நாள் வேலை முடிந்து ரயிலில் வருவதாக ஏற்பாடு. ஆரணி காரில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, நான் பதிவு செய்யப் போனேன். அங்கே பொறுப்பாக இருப்பவர் பேற்றர்சன் என்ற அம்மா. பேர், விலாசம், கார் நம்பர் எல்லாம் எழுதிவிட்டு, "உங்களுக்கு எத்தனை அம்பியர் தேவை?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து வதனி போன் எடுத்தாள்.

"போய்ச் சேந்தாச்சோ?"

"ஓம்."

"ஏசி பூட்டியாச்சோ?"

"ஓம்." (பூட்டவில்லை. பெட்டியே திறக்கவில்லை.)

"அறை குளிருதோ?"

"ஓம், ஓம்!"

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் பேற்றர்சன் அம்மா பேனாவை அந்தரத்தில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தாருக்கு ஓம் என்றால் ஆம். மின்சாரம் படித்தவர்களுக்கோ ஓம் என்றால் மின்தடையை அளக்கிற அலகு. அவர் அம்பியரில் கேட்க, நான் நாலு தரம் ஓமில் பதில் சொல்லியிருக்கிறேன்.

"ஓம்!" என்றார் மரியாதையோடு. "நீங்கள் எலெக்ட்ரீசியனா?"

இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். ஆனால் பத்தொன்பது வருட பஸ் வாழ்க்கையில் ஜெர்மன்காரர் என்னிடம் கேட்டது இரண்டே கேள்விகள்: இது ஸ்டேஷனுக்குப் போகுமா? ஏன் இவ்வளவு பிந்தி வந்தாய்? என்னை இப்படி மதிப்போடு ஒருவரும் பார்த்ததில்லை. அந்தப் பார்வையைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

"ஐன் பிஸ்ஹன்," என்றேன். கொஞ்சம் என்று அர்த்தம்.

பொழுது படுவதற்குள் அந்தக் கொஞ்சம் வரிசை முழுக்கப் பரவிவிட்டது. எதிர்ப்பக்கத்து வோல்ஃப்காங், ஏரியில் மீன் பிடித்து உறைபெட்டியில் சேர்த்து வைக்கும் பென்ஷன்காரர், எரியாத ஒரு விளக்கைக் கொண்டுவந்து நீட்டினார். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு தட்டுத் தட்டினேன். அது எரிந்து தொலைத்தது. "தொழில்காரன்," என்று சொல்லிக்கொண்டே போனார்.

சனிக்கிழமை காலை ஏசியைப் பூட்டினேன். முன் ஏசியும் பின் ஏசியும் சேர்ந்து ஓடியது மூன்று நிமிடம். எங்கள் பியூஸ் விழுந்துவிட்டது.

"அப்பா, எங்களுக்குத் தாறது ஆறு அம்பியர்தான். ரெண்டும் ஒண்டா ஏலாது," என்றாள் ஆரணி. "அம்மா படுக்கேக்க முன்னுக்கு நிப்பாட்டி விடுங்கோவன்."

மூளை உள்ளவன் அதைத்தான் செய்திருப்பான். நான் வேறு கணக்குப் போட்டேன். வதனி ரயிலில் வந்து, வெயிலில் நடந்து, முதலில் காலடி வைப்பது முன்பக்கத்தில். அங்கேயே முகம் சுளித்தால் வோன்வாகன் போய்விடும். இரண்டும் ஓடத்தான் வேண்டும். பக்கத்து இடம் காலியாக இருந்தது. அதன் மின்கம்பத்துச் சொக்கெற்றும் சும்மாதான் இருந்தது. என் காரில் தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவுக்கு இரவல் எடுத்து இன்னும் திருப்பிக் கொடுக்காத வயர் உருளை ஒன்று கிடந்தது. அந்தச் சொக்கெற்றிலிருந்து பின் ஏசிக்கு வேண்டிய அளவு வயரை மட்டும் இழுத்து, மீதியைச் சுருளாகவே விட்டு, உருளையை வேலிச் செடிக்குள் தள்ளி மறைத்தேன். உருளையில் இருந்து வயர் முழுவதையும் கழற்றாமல் பாவித்தால் சூடேறி உருகும் என்பது ஜெர்மனியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எலெக்ட்ரீசியனுக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டரைக்கு வதனி வந்தாள். முன்பக்கத்தில் நின்று, "பரவாயில்லையே," என்றாள். சாப்பிட்டாள். ஒரு மணிக்குப் படுக்கையறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். ஒன்றிலிருந்து மூன்று மணி வரை அங்கே சத்தம் போடக்கூடாது. அது அந்த இடத்துச் சட்டம். பத்து நிமிடத்தில் உள்ளே இருந்து மெல்லிய குறட்டை கேட்டது. அந்தக் குறட்டையைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷம் கலியாண வீட்டிலும் வந்ததில்லை. வோன்வாகன் தப்பிவிட்டது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போது எல்லாம் நின்றது. எங்கள் ஏசி மட்டும் அல்ல, வரிசை முழுக்க. எட்டுக் கதவுகள் திறந்தன. ஓய்வு நேரம் என்பதால் எல்லோரும் ரகசியக் குரலில் கோபப்பட்டார்கள். பேற்றர்சன் அம்மா சைக்கிளில் வந்து நேரே என் முன்னால் இறங்கினார். "கடவுளே, நல்ல வேளை நீங்கள் இருக்கிறீர்கள். யார் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விசாரணைக்குப் புறப்பட்டேன். வீடு வீடாக எட்டிப் பார்த்து, "ம்," என்றேன். கோப்பி மெஷினை முறைத்தேன். மூன்றாவது வீட்டில் ஒரு அம்மா கண்கலங்கி, தான் புருஷனுடைய சேர்ட்டை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்ததாக ஒப்புக்கொண்டார். நான் அவரை மன்னித்தேன். "இனிமேல் கவனமாக இருங்கள்," என்று புத்தியும் சொன்னேன். (இதை நினைக்கும்போது இன்றைக்கும் காது சூடாகிறது.)

"பிளாஸ்ரிக் எரிகிற மணம் வருகிறதே," என்றார் வோல்ஃப்காங். மூக்கைப் பின்பற்றிப் போய், வேலிச் செடிக்குள் கையை விட்டு, பாதி உருகி, வயரோடு வயர் ஒட்டி, வரிசை முழுக்க மின்சாரத்தை விழுத்திய உருளையை வெளியே இழுத்தார். அதில் பச்சை மையினால் பெரிய எழுத்துகள். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"இது என்ன மொழி?" என்று கேட்டார் பேற்றர்சன் அம்மா. பிறகு என்னைப் பார்த்தார். "உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?"

அந்த ஏரிக்கரை முழுக்கத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். நான் கண்ணைச் சுருக்கி, எழுத்து அழிந்துபோய் இருக்கிறது என்றேன். அப்போது பின்னால் வந்து நின்ற ஆரணி, தமிழ்ப் பாடசாலையில் வாசிப்புப் போட்டியில் முதலாம் இடம் எடுத்த பிள்ளை, கணீரென்று வாசித்தாள். "தமிழ்ப் பாடசாலைச் சொத்து. எடுத்தவர் திருப்பிக் கொண்டுவந்து தரவும்." கையோடு சுத்தமான ஜெர்மனில் மொழிபெயர்த்தும் சொன்னாள்.

எல்லோருடைய கண்ணும் வயரோடு நடந்தது. வேலி, புல், எங்கள் படுக்கையறை ஜன்னல். ஜன்னலில் ஏசிக் குழாய். குழாய்க்குப் பக்கத்தில் நித்திரை குழம்பிய வதனியின் முகம்.

"என்னப்பா நடக்குது அங்க?"

பேற்றர்சன் அம்மா அவளிடம், "உங்கள் கணவர், எலெக்ட்ரீசியன்..." என்று தொடங்கினார்.

"ஆர், இவரோ?" என்று தமிழில் கேட்டுவிட்டு, வதனி ஜெர்மனுக்கு மாறினாள். "இவர் பஸ் ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் பல்ப் மாற்றுவதே நான்தான்."

"ஆனால் ஓம், ஓம் என்று சொன்னாரே!"

வதனிக்கு விளங்க இரண்டு விநாடி எடுத்தது. பிறகு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்புக்கு நடுவே அவள் விளக்கம் சொல்ல, எட்டுக் குடும்பமும் ஓய்வு நேரச் சட்டத்தை மறந்து சிரித்தது. அயர்ன் பண்ணிய அம்மா மட்டும் கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை. எனக்கு அந்த ஏரியில் இறங்கி மறுகரைக்குப் போய்விடலாம் போல இருந்தது. நீந்தத் தெரியாததால் நின்றேன்.

உண்மையான எலெக்ட்ரீசியன் வந்தபோது மாலை ஆறு மணி. அதற்குள் வோல்ஃப்காங்கின் மீன் எல்லாம் இளகிவிட்டது. வதனி அவற்றை வாங்கி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் பிரட்டி, காஸ் அடுப்பில் பொரித்து எடுத்தாள். வரிசை முழுக்க ஒரே மரத்தடியில் இருந்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டது. நான் ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன், அயர்ன் அம்மாவிடம் இரண்டு தரம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வதனி அதே மரத்தடியில் ஒரு மடக்குக் கதிரையைப் போட்டுச் சாய்ந்தாள். இரண்டு மணித்தியாலம் அசையவில்லை. எழும்பியதும் நான் பயந்து பயந்து கேட்டேன். "அப்ப, விக்கிறதோ?"

"ஏன் விக்கவேணும்? நல்ல இடம், நல்ல சனம்." சோம்பல் முறித்தாள். "அந்த அறையில ஆர் இனிப் படுக்கப்போறது? நீங்கள் படுங்கோ."

இப்போது அந்தப் பெரிய ஏசி தமிழ்ப் பாடசாலையின் சாமான் அறையில், நான் வாங்கிக் கொடுத்த புது வயர் உருளைக்குப் பக்கத்தில் நிற்கிறது. வோன்வாகன் வதனியுடையதாகிவிட்டது. லீவு கிடைத்தால் அந்த வரிசையில் பிடித்துக்கொண்ட தோழிமாரோடு இருக்கவென்று அவள் முந்தியே போய்விடுவாள். அங்கே அவள் வதனி, நான் ஹேர் ஓம், அதாவது திருவாளர் ஓம். வீட்டிலும் விடிவில்லை. நான் எதற்காவது ஓம் என்று சொன்னால் போதும், ஆரணி உடனே, "எத்தனை?" என்று கேட்பாள்.

இந்தக் கோடையிலும் வதனி மூன்று கிழமை, முழுசாக இருபத்தொரு நாள், லீவு எடுத்து, பையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நானும் வரட்டோ?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "ஓம்," என்றாள்.

"எத்தனை?" என்று அறைக்குள் இருந்து ஆரணி கத்தினாள்.

"ஒரு கிழமை," என்றாள் வதனி.