விரல் நேரில் வரவும்

நாட்டு மக்கள் அனைவரின் வயதையும் குறைத்து அரசு சட்டம் போட்டது. அதுவரைக்கும் கொரியாவுல பொறந்த அன்னைக்கே ஒரு வயசு, புத்தாண்டு வந்தா எல்லாருக்கும் இன்னொண்ணு. கூ பான்சோக் டிசம்பர் கடைசியில பொறந்தவர். தொட்டில்ல மூணு நாள் கிடக்குறதுக்குள்ள ரெண்டு வயசு ஆயிருச்சு. புதுச் சட்டத்துல அவரோட தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்துமூணா எறங்குச்சு. குவாங்ஜு முதியோர் மன்றத்துல முதல்ல கைதட்டினதே அவர்தான். பொறந்தநாளுக்குக் குடிக்கிற கடற்பாசி சூப்பை அன்னைக்கு ரெண்டு கிண்ணம் இறக்கினார்.

அடுத்த வாரம் நிவாரண அலுவலகம் போனார். ரெண்டாம் உலகப் போர்க்காலத்துல ஜப்பான்காரங்க அவரைப் பிடிச்சுட்டுப் போய் ஜப்பான் நிலக்கரிச் சுரங்கத்துல தள்ளிட்டாங்க. அதுக்கான இழப்பீட்டுப் பட்டியல்ல பேர் ஏறினாத்தான் சுரங்கக் கம்பெனிக்காரன் மன்னிப்புக் கடிதம் எழுதுவானாம். கடிதத்தைப் பாக்காம சாகமாட்டேன்னு இருபது வருஷமா ஒத்தக்கால்ல நிக்கிறார்.

அதிகாரி மா தோங்யொக் படிவத்தைப் பிரிச்சான்.

"பிடிச்சுட்டுப் போறப்ப என்ன வயசு, பெரியவரே?"

"பதினஞ்சு."

"புதுச் சட்டப்படி பதிமூணு."

"எண்பது வருஷத்துக்கு முந்தி நடந்ததுக்கு எதுக்குடா புதுச் சட்டம்?"

"இப்ப குறைஞ்சா அப்பவும் குறையுமில்ல? பதினாலுக்குக் கீழன்னா குழந்தை. குழந்தை வேலை செய்யக் கூடாதுன்னு விதி. ஆகவே நீங்க வேலை செய்யல."

"பாதாளத்துல பின்ன என்ன பண்ணேன்? பல்லாங்குழி ஆடினேனா?"

மா பேனாவால நெத்தியைச் சொறிஞ்சான். "கல்விச் சுற்றுலான்னு போடலாம்."

"ரெண்டரை வருஷமா?"

"நீண்ட கல்விச் சுற்றுலா."

கூ இடது கையை மேஜையில பொத்துன்னு வச்சார். நடுவிரல் இல்ல. "சுற்றுலாவுலயா இது போச்சு? கரிவண்டி ஏறிச்சுடா!"

"எப்ப?"

"பிடிச்சுட்டுப் போனதுக்கு மறுவருஷம்."

மா கணக்குப் போட்டான். மூஞ்சி பல்பு மாதிரி எரிஞ்சுது. "அப்ப பதினாலு முடிஞ்சாச்சு! விரலுக்கு மட்டும் மனு போடலாம்!"

"அப்ப நான்?"

"கிளம்பினப்ப நீங்க குழந்தை. நசுங்கினப்ப விரல் பெரிய மனுஷன். ஆனா விண்ணப்பதாரர் நேர்ல வந்து ரேகை வைக்கணும்."

"விரல் ஜப்பான்ல கெடக்குது."

"வெளிநாட்டுல வசிக்கிறவங்க தூதரகத்துல வைக்கலாமே."

"உனக்கும் வயசு கொறஞ்சிருக்குமே தம்பி. பால்புட்டியை எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

பின்னால மனுவோட வரிசையில நின்ன மன்றத்துக் கிழவங்க சிரிச்சாங்க. மாவும் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே முத்திரை குத்தினான்.

பத்து நாள்ல மன்றத்துக்கே கடிதம் வந்துச்சு. மன்னிப்புதான்னு நெனச்சு கூ எல்லாரையும் கூட்டி உக்காரவச்சு, சத்தமாப் படிக்கச் சொன்னார்.

"இம்மன்றத்து மனுதாரர்கள் அனைவரும் தலா ஓரிரு ஆண்டுகள் இளமையடைந்துள்ளமையால், தங்கள் மனுக்கள் முதியோருக்கான அவசரப் பிரிவிலிருந்து நீக்கப்படுகின்றன. விசாரணை இரண்டாண்டுகள் தள்ளிவைக்கப்படுகிறது. நீண்ட ஆயுளுக்கு அரசின் நல்வாழ்த்துகள்."

எல்லாரும் கூவையே பாத்தாங்க. அன்னைக்கு முதல்ல கைதட்டினது யாருன்னு அத்தனை பேருக்கும் ஞாபகம் இருந்துச்சு.

கூ மெதுவா ரெண்டு கையையும் சட்டைப் பைக்குள்ள விட்டுக்கிட்டார். ஒன்பது விரலும் சத்தமில்லாம உள்ள போச்சு.