உக்காந்த இடத்துலயே கிரிவலம்

பௌர்ணமிக்கு பௌர்ணமி எங்க திருவண்ணாமலைக்கு ஜனம் வண்டி வண்டியா வரும். செருப்பைக் கழட்டிட்டு பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுத்தும், ஊருக்குப் போவும். அது தெரிஞ்ச சங்கதி. ஆனா போன வைகாசியில செங்கம் ரோட்டு கல்யாண மண்டபத்துல ஒரு கூட்டம், ஃபேனுக்கு அடியில ஜமக்காளத்துல உக்காந்தபடியே மலை சுத்திச்சு பாருங்க, அதை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. நான் பார்த்தேன். பார்த்தேன் இன்னா, நானும்தான் சுத்தினேன்.

என் பேரு தருமன். வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ல மனு எழுதிக் கொடுக்கிறவன். இந்த மாவட்டத்துல எவன் எவன்கிட்ட ஏமாந்தாலும் அந்தக் கதை என் பேனா வழியாத்தான் உள்ள போவும். அப்பேர்ப்பட்ட நானே ஏமாந்தேன்னா, என்னை ஏமாத்தின சாமியாரோட சாமர்த்தியத்தை நீங்களே பார்த்துக்குங்க.

'மாயமலை'ன்னு போன்ல ஒரு ஆட்டம். எங்கெங்கேயோ இருக்கிற ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்துல உள்ள போய் ஆளுக்கொரு வீரனை வளர்ப்பாங்க. நடுவுல ஒரு மலை. மலையைச் சுத்தி சிவப்பு நண்டு. நண்டை அடிச்சா எப்பவாச்சும் ஒரு நிலாச்சிப்பி விழும். நூறு சிப்பி சேர்த்தா வெண்வாள்னு ஒரு கத்தி குடுப்பான். அந்தக் கத்தியை வச்சுக்கிட்டு இன்னா பண்ணலாம்? இன்னும் பெரிய நண்டை அடிக்கலாம். அவ்ளோதான் சார் ஆட்டம்!

'எப்பவாச்சும்'ங்கிற வார்த்தையை லேசா நினைச்சுடாதீங்க. ஐந்நூறு நண்டு அடிச்சா ஒண்ணு விழுந்தா ஜாஸ்தி. அடி, நட, அடி, நட. பெருவிரல் மரத்துப் போவும். என் பக்கத்துக் கடை ஜினராஜ் ரெண்டு வருஷமா அடிச்சு அறுபத்தோரு சிப்பி சேர்த்து வச்சிருந்தாரு. ஜெராக்ஸ் கடைக்காரர். தங்கமான மனுஷன். சமணக் குடும்பம். பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சுடுவாரு. வழியில எறும்பு போனா தாண்டி நடப்பாரு. அந்த மனுஷன் போன்ல மட்டும் முப்பதாயிரம் நண்டைக் கொன்னாரு. கேட்டா, "அது நிஜ நண்டு இல்லையே தருமண்ணே"ம்பாரு. நிஜ நண்டு இல்லைன்னா நிஜக் கத்தியும் இல்லைதானேன்னு அன்னைக்கே கேட்டிருக்கணும். எனக்கும் ஒரு கத்தி ஆசை இருந்துச்சு, விட்டுட்டேன்.

இந்த ஏக்கத்துல பொறந்தவருதான் சிப்பிச்சாமி. சொந்தப் பேரு சகாதேவன். கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் கவர் வித்துக்கிட்டு இருந்தவரு. ஒருநாள் திடீர்னு அவருக்கு மாயமலையில ஞானம் வந்துடுச்சு. "நாம திருவண்ணாமலைக்காரன். நமக்கு மலைன்னா ஒண்ணுதான். நம்ம மலையை எப்படி சுத்துறோமோ அப்படிச் சுத்தினாத்தான் சிப்பி விழும்"னாரு.

அவ்ளோதான். ஊரே பிச்சிக்கிட்டு வந்துச்சு. வீரனுக்கு பூட்ஸ் கழட்டணும். மலை வலது கைப்பக்கம் இருக்கணும். பூட்ஸ் இல்லாம வீரன் மெதுவா நடப்பான், தேள் கொட்டும், செத்துச் செத்துப் பொழைப்பான். பரவால்ல, கர்மா கழியுது! கடைசியா ஒரு கட்டளை: மலை மேல மட்டும் யாரும் கால் வைக்கக்கூடாது. மேல சாமியோட வீரன் தவத்துல உக்காந்திருப்பாரு.

"தீபத்தன்னிக்கு நம்ம மலை மேல ஏறுறாங்களே சாமி?"ன்னு ஷேர் ஆட்டோ பாலாஜி கேட்டான்.

"கேம்ல தீபம் ஏத்துறாங்களா?"ன்னு சாமி திருப்பிக் கேட்டாரு.

பாலாஜி கன்னத்துல போட்டுக்கிட்டு உக்காந்துட்டான்.

சாமியோட அருள் அணியில சேரணும்னா போன்ல ஒரு அழைப்பு வரும். பொடி எழுத்துல இங்கிலீஷ்ல என்னமோ நாலு வரி. கீழ சம்மதம்னு ஒரு பொத்தான். எல்லாரும் அமுக்கினோம். "கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படிச்சுப் பாருய்யா"ன்னு தினமும் அம்பது பேருக்குச் சொல்ற நானும் படிக்காம அமுக்கினேன். என்னை எதால அடிக்கிறது!

சாமி பத்துப் பைசா வாங்கமாட்டாரு. மண்டப வாடகைகூட அவரே குடுத்துடுவாரு. "பணம் கேட்காத சாமி, இவராடா ஏமாத்துவாரு?"ன்னு ஊரே உருகிச்சு.

மூணு மாசம் ஆச்சு. ஜினராஜோட அறுபத்தொண்ணு அறுபத்தொண்ணாவே நின்னுச்சு. அடிக்கும்போது சில சமயம் சிப்பி விழும், பளிச்சுனு மின்னும், அப்படியே காணாம போயிடும். அதுக்கும் சாமிகிட்ட பதில் இருந்துச்சு. "அது தரிசனம். இன்னைக்கு தரிசனம், நாளைக்குப் பலன்." ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கூட்டத்துல ஒருத்தரைக் கூப்பிட்டு, மலை மேல இருந்து ஒரே ஒரு சிப்பியை அருளுவாரு. மண்டபமே கை தட்டும். மத்தவங்களுக்கெல்லாம் ஒவ்வொரு குத்தம் வச்சிருப்பாரு. நீ முட்டை தின்ன. நீ சுத்தும்போது சார்ஜர் சொருகின. நீ கொட்டாவி விட்ட.

ஜினராஜ்கிட்ட மட்டும் குத்தம் கண்டுபிடிக்க சாமிக்கே கஷ்டமா இருந்துச்சு. முட்டை கிடையாது, பூண்டு கிடையாது. ரொம்ப நேரம் உத்துப் பார்த்துட்டு சொன்னாரு: "நண்டை அடிக்கும்போது உள்ளுக்குள்ள இரக்கப்பட்ட."

ஜினராஜ் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ஆமா சாமி, பட்டேன்"னாரு.

"பரிகாரம் ஒண்ணுதான். நாளை திங்கக்கிழமையில இருந்து ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாள். வேற வேலை கூடாது. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் சுத்தணும்."

"கடை சாமி?"

"கடை வேணுமா, கத்தி வேணுமா?"

ஜினராஜ் "கத்தி"ன்னாரு. பள்ளிக்கூடம் தொறக்கிற நேரம். சாதிச் சான்று, வருமானச் சான்றுன்னு ஜனம் அவரு கடையிலதான் வரிசை கட்டும். கட்டட ஓனர் வேற, "ஒரு வாரம் ஷட்டர் மூடிக் கிடந்தா வேற ஆளுக்கு விட்டுடுவேன்"னு சொல்லி வச்சிருக்காரு. கேட்டுக்கிட்டு ஒரு ஆளும் நடையா நடக்கிறான். சத்தமில்லாம வெளிய வந்து குசுமாவதிக்குப் போன் பண்ணி, அருள் அணி, மலை, சிப்பி எல்லாத்தையும் சொன்னேன்.

குசுமாவதி ஜினராஜோட வீட்டம்மா. டவுன்ல ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை. பதினெட்டு வருஷமா ஊசி பிடிச்ச கை. அரை மணி நேரத்துல மண்டபத்துல வந்து நின்னுச்சு. கத்தும், அழும்னு நான் எதிர்பார்த்தேன். அது ஜமக்காளத்துல சம்மணம் போட்டு உக்காந்து, கைப்பைய மடியில வச்சுக்கிட்டு சாமியைப் பார்த்துச்சு.

"சாமி, எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு சந்தேகம் கேக்கலாங்களா?"

"கேளும்மா."

"எங்க லேப்ல ஒரே ரத்தத்தை ரெண்டு குழாய்ல எடுப்போம். ஒண்ணுல மருந்து போடுவோம், இன்னொண்ணுல போடமாட்டோம். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் மருந்து வேலை செஞ்சுதான்னு தெரியும். அதே மாதிரி பத்துப் பேர் உங்க அருள் அணியில இருந்தே அடிக்கட்டும். பத்துப் பேர் அணியை விட்டு வெளிய வந்து தனியா அடிக்கட்டும். ரெண்டு மணி நேரம். உங்க அருள் ஜெயிச்சா நானே கடையை மூடி சாவியை உங்க காலடியில வைக்கிறேன்."

கூட்டத்துக்கு ஒரே உற்சாகம். சாமி முகம்தான் லேசா வேர்த்துச்சு. "அருளைச் சோதிக்கக்கூடாதும்மா"ன்னாரு.

"அருள் சோதனைக்குப் பயப்படுமாங்க?"ன்னு குசுமாவதி பணிவாத்தான் கேட்டுச்சு.

பின்னாடி இருந்து நாலு பேர், "சாமி ஜெயிப்பாரு! வைங்க பார்க்கலாம்!"னு கத்தினாங்க. பக்தனே சாமியை மாட்டி விட்டுட்டான்.

அருள் அணியில ஜினராஜும் பாலாஜியும் இன்னும் எட்டுப் பேரும். தனியா அடிக்கிற பத்துல நான். மதியம் ஒரு மணிக்கு நிறுத்தினோம். தனியா அடிச்ச பத்துப் பேருக்கு ஒம்போது சிப்பி. அதுல ஒண்ணு எனக்கு! என் ஆயுசுல மொத சிப்பி. அருள் அணிக்கு எத்தனைன்னு குசுமாவதி ஒவ்வொருத்தரா கேட்டுச்சு. தரிசனம் ஒண்ணு, தரிசனம் ரெண்டு, தரிசனம் ஒண்ணு. கையில? சைபர்.

"கர்மா..."ன்னு சாமி ஆரம்பிச்சாரு.

"கர்மா கழியட்டும் சாமி. மின்னின சிப்பி எங்க போச்சு?"

மண்டபத்து டிவியில குசுமாவதி தன் போனை இணைச்சுது. காலையில ஆட்டோவுல வரும்போதே ஒரு புது வீராங்கனையை உண்டாக்கி வச்சிருந்திருக்கு. பேரு குசுமா. லெவல் ஒண்ணு. கால்ல பூட்ஸ் மாட்டி இருக்கு. அந்தப் பொம்மை நேரா போயி மலையில கால் வச்சு ஏற ஆரம்பிச்சுது பாருங்க, மண்டபமே "ஐயையோ!"ன்னுச்சு.

"அபசாரம்! பூட்ஸோட ஏறுறா!"ன்னு சாமி எழுந்துட்டாரு.

ஜினராஜ் கையை எடுத்துக் கும்பிட்டாரு. "குசுமா, வேணாம்! இறங்கு!"

"ஏங்க, நான் ஜமக்காளத்துலதான் உக்காந்திருக்கேன். எங்க இறங்கறது?"

அஞ்சே நிமிஷம். உச்சிக்குப் போயிடுச்சு. மேல சாமியோட வீரன் சம்மணம் போட்டு கண்ணை மூடி உக்காந்திருந்தாரு. தவம் மாதிரிதான் இருந்துச்சு. தலைக்கு மேல ஒரு பலகை. 'நிலாச்சிப்பி விற்பனைக்கு. கையிருப்பு 212.' சுத்தி சந்தை மாதிரி கூட்டம். வேற ஊரு, வேற தேசத்து வீரனுங்கெல்லாம் வரிசையில நின்னு நிஜக் காசு குடுத்து வாங்கிக்கிட்டு இருக்கானுங்க. அந்த ஆட்டத்துல கடை போடறவன் சம்மணம் போட்டுத்தான் உக்காருவானாம். ஏறிப் பார்த்த உலகத்துக்கெல்லாம் அது கடைன்னு தெரிஞ்சிருக்கு. கீழ சுத்தின திருவண்ணாமலைக்காரனுக்கு மட்டும்தான் அது தவம்.

"எல்லாரும் அடிங்க. பலகையைப் பார்த்துக்கிட்டே அடிங்க"ன்னுச்சு குசுமாவதி.

ரெண்டு நிமிஷம் மண்டபத்துல விரல் சத்தம் மட்டும்தான். "விழுந்துச்சு! மின்னுச்சு!"ன்னு பாலாஜி கத்தினான். டிவியில 212, 213 ஆச்சு. இன்னொருத்தன், "எனக்கும் தரிசனம்!"னான். 214.

அப்பத்தான் எனக்கு அந்தப் பொடி எழுத்து ஞாபகம் வந்துச்சு. போன்ல அந்த அழைப்பைத் தேடி எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கிட்டு தமிழ்ல சத்தமா படிச்சேன். விழும் பொருள் எல்லாம் அணித் தலைவருக்கே சேரும், சம்மதமா? மூணு மாசமா நாங்க அடிச்சு, அவருக்குச் சேர்ந்து, அதுல வாரம் ஒண்ணை எடுத்து எங்களுக்கே அருளி, அதுக்கு நாங்களே கை தட்டியிருக்கோம். மண்டப வாடகையும் சிப்பி வித்த காசுதான்!

"யாருக்கும் தெரியாம உங்களுக்காகத்தான் சேர்த்து வச்சேன்"னு சாமி ஒரு சிரிப்பு சிரிச்சாரு.

"பலகை போட்டுத்தான் சேர்த்து வைப்பாங்களா?"ன்னான் பாலாஜி.

சாமிக்கு அவசரமா வயித்தைக் கலக்கிடுச்சாம். பந்தி போடற பக்கம் போனவரு, பாத்திரம் கழுவற வாசல் வழியா வெளிய போய் அப்படியே காணாம போயிட்டாரு. நாங்க ஒரு கணம் பளிச்சுனு பார்த்தோம். அதுவும் தரிசனம்தான்னு வச்சுக்குங்க.

இத்தோட கதை முடிஞ்சிருந்தா நம்ம ஜனத்துக்கு என்ன மரியாதை? திரும்பிப் பார்க்கிறேன், குசுமாவதி முன்னாடி ஒரு வரிசை. ஆளுக்கொரு போனை ரெண்டு கையாலயும் நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. மொத ஆளு பாலாஜி.

"அக்கா, நீங்க வந்த அன்னைக்கே ஒம்போது சிப்பி விழுந்துச்சு. உங்க கை ராசி. ஒரு தடவை தொட்டுக் குடுங்கக்கா."

குசுமாவதிக்கு அப்பத்தான் நிஜமாவே கோவம் வந்துச்சு. "இது ரத்தம் எடுக்கிற கை. பெரிய ஊசி பையிலதான் இருக்கு. யாருக்கு மொதல்ல குத்தணும், சட்டையை மடிச்சுக்கிட்டு வாங்க!"

வரிசை கலைஞ்சுது.

வெளிய செருப்பைத் தேடும்போது ஜினராஜ் பேசினாரு. குரல் உடைஞ்சு போயிருந்துச்சு. "குசுமா, ஒண்ணு சொல்லட்டுமா? அந்த நண்டை அடிக்கிறது எனக்குப் பிடிக்கவே இல்ல. ஒரு வருஷமாவே பிடிக்கல."

"பிடிக்காம ஏங்க அடிச்சீங்க?"

"இத்தனை அடிச்சாச்சே, இப்ப விட்டா அத்தனையும் வீணாயிடுமேன்னு பயந்துட்டேன்."

குசுமாவதி அவரு முதுகுல கை வச்சு, "வீணானது ரெண்டு வருஷம். நாளையில இருந்து நாப்பத்தெட்டு நாளை மிச்சம் பண்ணியிருக்கீங்க, வாங்க"ன்னுச்சு. அந்த மனுஷன் ரோட்டுலயே கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு.

திங்கக்கிழமை காலையில ஏழரைக்கெல்லாம் ஜினராஜ் கடை ஷட்டர் தூக்கியாச்சு. ஓனர் எட்டிப் பார்த்துட்டுப் போனாரு. எட்டு மணிக்கு பள்ளிக்கூடப் பசங்களைப் பெத்தவங்க வரிசை ரோடு வரைக்கும் நின்னுச்சு. போன் மேசை டிராயர்ல கிடந்துச்சு. நானும் என் குடையை விரிச்சு மேசை போட்டேன். மொத ஆளு வந்து உக்காந்தாரு. ஏதோ ஒரு ஜோசியர்கிட்ட ஏமாந்துட்டாராம், புகார் எழுதணுமாம். எழுதறதுக்கு முன்னாடி அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன், இதுக்குக் கூலி வேணாம்.

'மேல மட்டும் ஏறாதே'ன்னு எவன் சொல்றானோ, அன்னைக்கே பூட்ஸை மாட்டிக்கிட்டு ஏறிப் பாருங்கய்யா. அங்க அவன் இன்னா விக்கிறான்னு தெரிஞ்சுடும்.