ஆட்டுத்தொடையில் டெலவேரின் பங்கு

சமையலறைப் புகை சாப்பாட்டுக் கூடத்துக்குள் புகுந்துவிட்டது. விடுதிக்காரி டாபிதா பென்னாக் இருமிக்கொண்டே கேட்டாள்:

"டோர்க்கஸ், புகைபோக்கியைப் பார்க்க ஆள் சொல்லி அனுப்பினியா?"

"நேத்தே அனுப்பிட்டேம்மா. இந்தப் புகையில ஒரே ஒரு ஆட்டுத்தொடைதான் வெந்திருக்கு" என்றாள் சமையல்காரி.

மேசையில் நான்கு வர்ஜீனியாக்காரர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். நால்வரும் அமெரிக்காவுக்கு அரசியல் சட்டம் எழுதும் மாநாட்டுப் பிரதிநிதிகள்; சபையில் மாநிலங்களுக்கு இடம் ஜனக்கணக்குப்படியா, சரிசமமா என்று அங்கே தீராத சண்டை. கோபித்துக்கொண்டு எதிர்விடுதிக்குப் போனால் டாபிதா இந்தக் கோடையோடு கடையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் இன்னொருவர், உடம்பெல்லாம் புழுதியோடு.

"எந்த மாநிலம்?" என்றாள் டாபிதா.

"டெலவேருங்க. பேரு ஃபிப்ஸ்."

அதற்குமேல் 1787-ன் அந்த ஜூலையில் பிலடெல்பியாவில் யாரும் யாரையும் கேட்பதில்லை. மாநாட்டு விஷயம் பரம ரகசியம். டாபிதா அவரை மேசையில் உட்காரவைத்து, தொடையை ஐந்தாக வெட்டினாள்.

வர்ஜீனியாக்காரர்களில் மூத்தவரான கர்னல் மெரிவேல் துள்ளினார். "என்னம்மா அநியாயம்! எங்க ஜனம் எவ்வளவு, டெலவேர் ஜனம் எவ்வளவு? ஜனக்கணக்குப்படி வையுங்க!"

வைத்தாள். ஃபிப்ஸ் தட்டில் எலும்பு விழுந்தது.

"ஏன் கர்னல், சின்ன மாநிலம்னா வயிறும் சின்னதா? மாநிலத்துக்கு மாநிலம் சமம். பாதித் தொடை இங்கே வரணும்!"

பாதியாக்கினாள். மீதிப் பாதியில் நான்கு முட்கரண்டிகள் மோதின. ஒரு நாற்காலி சாய்ந்தது.

"மாநாட்டு விஷயம் வெளியில பேசக்கூடாது, கர்னல்!" என்றார் இன்னொரு வர்ஜீனியாக்காரர்.

"நான் கறியைப் பத்தித்தான்யா பேசறேன்! எல்லாரும் கிளம்புங்க, எதிர்விடுதிக்கு!"

தொப்பிகள் தலைக்கு ஏறின. டாபிதா புட்டிங் சட்டியோடு ஓடிப்போய் வாசலை மறித்தாள்.

"ஐயா, புட்டிங் ஜனக்கணக்குப்படி! கறி மாநிலத்துக்கு மாநிலம் சமம்! சரியா?"

"சரி. ஆனா ரெண்டும் சேர்ந்துதான் மேசைக்கு வரணும். ஒண்ணு இல்லாம இன்னொண்ணு செல்லாது" என்றார் ஃபிப்ஸ், வாய் நிறையக் கறியோடு.

கர்னல் அப்படியே நின்றார். பிறகு பாய்ந்துவந்து ஃபிப்ஸைக் கட்டிக்கொண்டார்.

"அடடா! டெலவேர் அனுப்பினா இப்படி ஒரு மூளையை அனுப்பணும்! நாளைக்குச் சபையில இதையே—"

"உஷ்!" என்றார்கள் மற்ற மூவரும்.

தொப்பிகள் கழன்றன. விடுதி பிழைத்தது. டாபிதாவுக்குக் கண் கலங்கியது, பாதி புகையால்.

சமையலறைக் கதவு திறந்தது. கரிபிடித்த முகத்தோடு டோர்க்கஸ் எட்டிப் பார்த்தாள்.

"ஃபிப்ஸண்ணே, தின்னது போதும்! ஏணி வச்சாச்சு, வந்து புகைபோக்கியில ஏறுங்க!"